ஓட்டம் நின்ற நாட்கள்: 60 தாண்டிய ஓட்டக்காரர்கள் எழுதலாம்

பின்தொடை67
வயதுப் பிரிவுப் போட்டி, அதாவது மூத்தவர்களுக்கு வயது வாரியாக நடக்கும் தடகளம் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் 400 மீட்டர், கடைசி வளைவில் ஹாம்ஸ்ட்ரிங், பின்தொடைத் தசை, பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் ஓடக் கூடாது என்றார்கள். வலி மூன்றாவது வாரமே குறைந்துவிட்டது, அப்புறம்தான் ஆரம்பித்தது மற்றது, மனசு சோர்ந்துபோவது. ஒருநாள் விடிகாலை நாலரைக்கு வழக்கம்போல விழிப்பு வந்து, ஷூ போட்டு, நாடாவை இரட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டித் திண்ணையில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே இல்லை. பால்காரர் வந்துபோனார், பேப்பர் விழுந்தது. ஏழு மணிக்கு மனைவி வந்து, ஒன்றும் கேட்காமல், கீழே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். அந்த விரல்கள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

கிரவுண்ட் நண்பர் ஒருவர், "இத்தனை வருஷம் ஓடி ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் ஏறிப்போச்சு, அதுதான் மூளையைத் தாக்குது, வைட்டமின் சி-யும் ஈ-யும் போடு" என்றார். போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. இப்போது ஓட அனுமதி கிடைத்தும் போகப் பிடிக்கவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

காலை5கிமீ
ஐயா, நண்பர் சொன்னதில் பாதிதான் சரி. ஓடும்போது தசையில் ஃப்ரீ ராடிக்கல், அதாவது செல்லைச் சேதப்படுத்தக்கூடிய துகள்கள், உண்டாவது உண்மை, அது மிஞ்சுவதைத்தான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்பார்கள். ஆனால் அந்தத் தொந்தரவு வந்தால்தான் உடம்பு சூப்பராக்ஸைடு டிஸ்ம்யூட்டேஸ், கேட்டலேஸ் போன்ற, அதைச் சமாளிக்கும் தன் சொந்த என்சைம்களைக் கூட்டிக்கொள்ளும். 2009-இல் ஜெர்மனியில் இளைஞர்களுக்கு நாலு வாரப் பயிற்சியோடு தினம் 1000 மி.கி. சி-யும் 400 யூனிட் ஈ-யும் கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலினை உடம்பு நன்றாகப் பயன்படுத்துவதில் பயிற்சியால் வரவேண்டிய முன்னேற்றம் மாத்திரை போட்டவர்களுக்கு வரவில்லை, போடாதவர்களுக்கு வந்தது. அது மனச்சோர்வு பற்றிய ஆய்வு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாத்திரையை அள்ளிப் போடுவதற்கு முன்னால் யோசிக்க வைக்கிறது.

ஓட்டம் நின்றதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பயிற்சியில் பழகிய தசை, ரத்தத்தில் இருக்கும், மனச்சோர்வோடு தொடர்புள்ள கைனுரெனின் என்ற பொருளை மூளைக்குள் நுழைய முடியாத வேறொன்றாக மாற்றிவிடுவதை 2014-இல் எலிகளிடம் கண்டார்கள். எனக்கு 2020 ஊரடங்கில் அனுபவம். மொட்டை மாடியில் எட்டு போட்டு நடந்துகொண்டிருந்தேன், நூறைத் தாண்டி எண்ணிக்கை தவறிப்போனது. அவ்வளவுதான், தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

குண்டெறி61
@காலை5கிமீ, ஓட்டம் நின்றால்தான் மனசு கெடும் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஓட்டம் கூடித்தான் கெட்டது. கணவர் போன பிறகு வீட்டில் இருக்க முடியாமல் காலை மாலை இரண்டு வேளையும் கிரவுண்ட், ஞாயிறும் லீவு இல்லை. எல்லோரும் "எவ்வளவு தைரியமா இருக்கீங்க அக்கா" என்றார்கள். படுக்கையை விட்டு எழும்போது 60 இருந்த நாடி 74 ஆனது, தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. ஒருநாள் குண்டு எறியும் வட்டத்துக்குள் நின்று குண்டைக் கழுத்தோடு சேர்த்து வைத்தேன், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. முப்பது வருடமாகச் செய்கிற காரியம். குண்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஓய்வே இல்லாமல் உடம்பை அடித்தால் உங்கள் என்சைம் எப்படி ஈடுகட்டும்?

வடகரைதாத்தா
அம்மா, முதிய வயதில் மாரத்தான் ஓடிப் பேர் வாங்கிய ஃபௌஜா சிங்கும் 1994-இல் மகனைப் பறிகொடுத்த துக்கத்தில்தான் ஓட ஆரம்பித்தார். 2000-இல் லண்டன் மாரத்தான் ஓடும்போது 89 வயது. ஓட்டம் சிலரைத் தூக்கியும் விட்டிருக்கிறது.

குண்டெறி61
தெரியும் ஐயா. என்னைத் தூக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

பிசியோதம்பி
என் அப்பா தடை ஓட்டக்காரர். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு பதக்கங்களைப் பரணில் ஏற்றச் சொன்னார், நானும் ஏற்றினேன், என்ன ஏது என்று கேட்கவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது, அதனால் கேட்காமலே சொல்கிறேன், கோபிக்காதீர்கள். மனச்சோர்வு என்று நீங்களே முடிவு கட்டாமல் முதலில் தைராய்டும் பி12-ம் பாருங்கள், இரண்டில் எது குறைந்தாலும் இதே மாதிரி இருக்கும். முதியோருக்கென்று 15 கேள்விகள் கொண்ட ஜி.டி.எஸ். என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாள் இருக்கிறது, ஆம் இல்லை என்று பதில் சொன்னால் போதும், அதை டாக்டரிடம் எடுத்துப் போங்கள். மனநல மருந்து எழுதினால் பயப்படாதீர்கள். 1999-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயது தாண்டிய 156 மனச்சோர்வு நோயாளிகளிடம் 16 வாரம் பார்த்ததில் உடற்பயிற்சியும் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்தும் முடிவில் ஏறக்குறைய சமம், ஆனால் மருந்து சீக்கிரம் வேலை செய்தது. மருந்தோடு பயிற்சியும் சேர்த்துச் செய்யலாம். ஒரு கால் அடிபட்டால் மற்ற உறுப்புகளுக்கு வேலை கொடுங்கள், நீச்சல், கை எடை, எதுவானாலும். எழுந்ததும் நாடியைக் குறித்து வையுங்கள், பல நாள் தொடர்ந்து ஏறியே இருந்தால் பயிற்சியைக் குறையுங்கள். இரவில் தாங்க முடியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலும் பேசுவார்கள்.

பின்தொடை67
எல்லோருக்கும் நன்றி. மாத்திரையை நிறுத்திவிட்டேன். தம்பி சொன்ன 15 கேள்விகளை மனைவி வாசிக்க நான் பதில் சொன்னேன். வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா என்ற கேள்விக்கு "இல்லை" என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்து "ஆமாம்னு போடு" என்றேன். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறோம், தாளை அவள் கைப்பையில் வைத்திருக்கிறாள்.