புலி பாத்தியா?

குழு: மேலவீதி குடும்பம்

கார்த்தி: கார்பெட் காட்டச் சுத்திட்டு ராம்நகர் ஊருக்கு வந்து சேந்துட்டோம். காட்டுக்குள்ள நாங்க தங்கின டிகாலாவுல சுத்தமா சிக்னல் இல்ல

மதுரை அத்தை: சாப்ட்டியாப்பா? புலி பாத்தியா?

கார்த்தி: சாப்ட்டேன் அத்தை. புலி பாக்கல

மதுரை அத்தை: அவ்ளோ தூரம் போயும் பாக்கலையா! 260 புலின்னு நீதானே அனுப்பின

கார்த்தி: 2022 கணக்குப்படி இந்தியாவுலயே கார்பெட்லதான் அதிகம். அதுக்காக ரோட்டுல வந்து நிக்குமா

நித்யா: ஜிப்சி ஜீப்புக்குக் குடுத்த காசு அம்போ 😂

கார்த்தி: இதக் கேளு. விடியக்காலைல சால் மரக் காட்டுக்குள்ள போறோம். மேலேர்ந்து ஒரு லங்கூர் குரங்கு கத்துச்சு, புலி வந்தா இப்படித்தான் எச்சரிக்குமாம். டிரைவர் வண்டிய அணைச்சிட்டார். அடுத்து புள்ளிமான். அப்புறம் கடமான், அடிவயித்துலேர்ந்து ஒரே குரல். கடமான் கத்துனா புலி இருக்குன்னு அர்த்தம், பெரும்பாலும் பொய்யிருக்காதாம். சத்தம் அப்படியே ஆத்துப்பக்கமா நகந்து போச்சு. புலி நடந்த பாதை காதுலயே தெரிஞ்சுது

நித்யா: ஐயோ புல்லரிக்குது

பெரியப்பா: நம்ம முதுமலைலயும் இப்படித்தான். அங்க காட்டெருமை உண்டா?

கார்த்தி: இல்ல பெரியப்பா. செந்நாயும் கண்ல படல. ஆனா முதுமலைல இல்லாதது இங்க இருக்கு. ராம்கங்கா ஆத்து மேட்டுலேர்ந்து பாத்தா கீழ மணல்ல கரியால். மூஞ்சி குச்சியாட்டம் நீளம். பெரும்பாலும் மீன்தான் தின்னும்

கார்த்தி: (படம்)

மதுரை அத்தை: இது முதலையா? வாய் ஏன் இப்படி

கார்த்தி: முதலை வகைதான் அத்தை. தண்ணிக்குள்ள பக்கவாட்டுல வீசி மீன் புடிக்க அந்த வாய்தான் வசதி. அதே ஆத்துல நீர்நாய்க் கூட்டம், மஹசீர் மீன். கரையோரப் புல்லுல பன்றிமான், குட்டையா, தலையக் குனிஞ்சு ஓடும். பறவை மட்டும் 500 வகைக்கு மேல

பெரியப்பா: ஒரே காட்டுல இவ்வளவு எப்படி?

கார்த்தி: இமயமலை வந்து சமவெளில முட்டுற இடம் பெரியப்பா. மலை, சால் காடு, ஆறு, புல்வெளி எல்லாம் அடுத்தடுத்து. டிகாலா புல்வெளில ஒரு பெரும்பகுதிய 1974ல கட்டின காலாகட் அணைத் தண்ணி முழுங்கிடுச்சு. கோடைல தண்ணி வடிஞ்சா அதே இடத்துல இளம்புல் முளைக்கும், யானைங்க குட்டிகளோட கூட்டங்கூட்டமா இறங்கும். நான் வாயடைச்சு நின்னது அங்கதான், புலிக்கு இல்ல

பெரியப்பா: 1936ல இந்தியாவுல வந்த முதல் தேசியப் பூங்கா அது. அப்ப அதுக்கு ஹெய்லின்னு ஒரு கவர்னர் பேரத்தான் வச்சிருந்தாங்க. புலிகளக் காப்பாத்துற புலித் திட்டத்தையும் 1973ல டிகாலாவுலதான் தொடங்கினாங்க

நித்யா: பெரியப்பா கூகுளா 😂

பெரியப்பா: அந்தக் காலத்துப் பொது அறிவும்மா. எப்ப போகலாம்?

கார்த்தி: டிகாலா ஜூன் 15 மூடிட்டா நவம்பர் 15தான் தொறப்பாங்க. குளிர்ல இவ்ளோ யானை இருக்காது, ஆனா வடக்கேர்ந்து பறவைங்க வந்துடும். ரூம் முன்கூட்டியே போடணும். ஒண்ணு மட்டும், உள்ள சைவச் சாப்பாடுதான்

நித்யா: நான் வரல 🙏

மதுரை அத்தை: சைவமா? அப்ப எனக்கும் சேத்துப் போடு. புலி வந்தா ஜீப்ல கண்ணாடி உண்டா?

கார்த்தி: ஜிப்சிக்குக் கூரையே கிடையாது அத்தை

மதுரை அத்தை: இரு, உங்க மாமாவக் கேட்டுச் சொல்றேன்