பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் இசை: பாட்டு வரிசையை எப்படி அமைப்பது? சிகிச்சையாளர் எப்போது தேவை?

மாலைவெயில் கேட்டது:

மாலையானால் பதற்றம் கூடுகிறது. படுத்த பிறகும் தூக்கம் பிடிக்க வெகுநேரம் ஆகிறது. மனநல மருத்துவரிடம் சிகிச்சை நடக்கிறது, மருந்தும் உண்டு. கூடவே இசையையும் முறையாகப் பயன்படுத்த நினைக்கிறேன். 'மன அமைதிக்கு' என்று தலைப்பிட்ட தொகுப்புகளைப் போட்டால் எரிச்சல்தான் வருகிறது. சோகப் பாட்டு அந்த நேரத்துக்கு இதமாக இருக்கிறது, முடிந்ததும் பாரம் ஏறுகிறது.

எந்த வரிசையில், எவ்வளவு நேரம் கேட்க வேண்டும்? இந்த நோய்க்கு இந்த ராகம் என்ற பட்டியல்களையும் 432 ஹெர்ட்ஸ் இசையையும் நம்பலாமா? இசை சிகிச்சையாளரிடம் போவதும் வீட்டில் பாட்டுக் கேட்பதும் ஒன்றுதானா?

சுருதிசேர்:

பதற்றத்தின் நடுவே மெல்லிசை எரிச்சல் தருவது இயல்புதான். உடம்பு ஒரு வேகத்தில் இருக்கிறது, பாட்டு வேறொரு வேகத்தில் போகிறது. இசை சிகிச்சையில் இதற்கென்றே ஐசோ கொள்கை என்று ஒன்று உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் 1940களில் முன்வைத்தது. மனம் இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கு ஒத்த இசையில் தொடங்கி, போக வேண்டிய நிலைக்குப் படிப்படியாக நகர வேண்டும் என்பது அதன் சாரம்.

உங்கள் மாலை நேரத்துக்கு 25 முதல் 30 நிமிடம், அதாவது 6 அல்லது 7 பாட்டு போதும். முதல் இரண்டும் பதற்றத்தின் வேகத்தை ஒட்டி, நிமிடத்துக்கு 110 முதல் 120 தாள அடி. அடுத்த இரண்டு 90 முதல் 100. பிறகு ஒன்று 80 சுமாருக்கு. கடைசி ஒன்றிரண்டு 60 முதல் 70, அவை சொல் இல்லாத வாத்திய இசையாக இருந்தால் நல்லது. ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு 20 அடிக்கு மேல் இறக்காதீர்கள். சட்டென்று இறக்கினால் நீங்கள் சொன்ன அதே எரிச்சல் திரும்பும். இந்த எண்கள் வழிகாட்ட மட்டுமே, மருந்தளவு போல் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

வேகத்தை அளக்கப் பாட்டோடு காலைத் தட்டி, 15 விநாடியில் எத்தனை அடி என்று எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். இதில் ஒரு பொறி உண்டு. ஒரே பாட்டை 65 என்றும் எண்ணலாம், 130 என்றும் எண்ணலாம். வேகம் காட்டும் செயலிகளும் இங்கேதான் தவறுகின்றன. உங்கள் தலையோ காலோ தானாக எந்த வேகத்தில் அசைகிறதோ அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் குறைந்திருந்தாலே அமைதி வந்துவிடாது என்பதும் முக்கியம். 60 அடியில் போகும் பாட்டின் நடுவில் திடீரென்று தாளவாத்தியங்கள் முழங்கினால் அதுவரை இறக்கியதெல்லாம் வீண். ஒவ்வொரு பாட்டையும் முழுதாக ஒருமுறை கேட்டுவிட்டே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் பட்டியல் கெடுவது பாட்டுத் தேர்வால் அல்ல, அமைப்புகளால். ஷஃபிளை அணையுங்கள், வரிசைதான் இங்கே வேலை செய்கிறது. ஆட்டோபிளேயையும் அணையுங்கள், இல்லையென்றால் கடைசிப் பாட்டுக்குப் பின் செயலி தன் விருப்பத்துக்கு எதையாவது போடும். எல்லாப் பாட்டின் ஒலியளவையும் சமப்படுத்தும் வசதியை இயக்குங்கள். நடுவில் விளம்பரம் வரும் சேவை என்றால் பாட்டுகளைத் தரவிறக்கி வைத்துக் கேளுங்கள்.

கேட்பதற்கு முன்னும் பின்னும் பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போட்டு எழுதி வையுங்கள். இரண்டு வாரம் போன பின் பாருங்கள். எண் இறங்காத பட்டியலை மாற்றத் தயங்க வேண்டாம்.

தாளக்கட்டு:

சோகப் பாட்டு பற்றி. சோகமான இசை தன்னளவில் தீங்கு இல்லை; பலருக்கு அது துணை. கேட்கும்போது இதமாக இருக்கிறதா என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். முடிந்து 10 நிமிடம் கழித்து மனம் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. அழுது தெளிந்தால் சரி. அதே நினைவை, அதே குற்றவுணர்வைத் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருந்தால் பாட்டு அந்தச் சுழலுக்குத் தீனி போடுகிறது என்று பொருள். அப்போதும் ஐசோ முறைதான், திசை மட்டும் வேறு: சோகப் பாட்டு இரண்டு, பிறகு கனம் குறைந்த ஒன்று, பிறகு கொஞ்சம் வேகமும் வெளிச்சமும் கூடிய இரண்டு. ஒரே பாட்டைச் சுழற்சியில் விடாதீர்கள்.

ராகப் பட்டியல்களை நம்ப வேண்டாம். ஒரே ராகத்தை நிதானமாக ஆலாபனை செய்வதும் விறுவிறுப்பான தாளத்தில் பாடுவதும் கேட்பவரிடம் வேறுவேறு விளைவைத் தரும். கேட்பவரின் பழக்கமும் நினைவும் அதில் கலக்கும். நோய்க்கு ஒரு ராகம் என்று பூட்டிவைக்க ஆதாரம் இல்லை. 432 ஹெர்ட்ஸும் அப்படியே. வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்க வழக்கமாக வைக்கும் 440 ஹெர்ட்ஸிலிருந்து அது இறங்குவது ஓர் அரைச்சுரத்தில் (பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதற்குக் குணமாக்கும் சக்தி இருப்பதாக நிறுவப்படவில்லை. உங்களுக்குப் பிடித்திருந்தால் கேளுங்கள், அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள்.

இரவுநேரம்:

தூக்கத்துக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். மாலைப் பட்டியலையே இரவிலும் போட்டால் அதன் முதல் பாட்டுகள் உங்களை எழுப்பிவிடும்.

ஹங்கேரியில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், தூக்கச் சிக்கல் இருந்த மாணவர்கள் படுக்கும் நேரத்தில் 45 நிமிடம் அமைதியான செவ்வியல் இசையை 3 வாரம் கேட்டார்கள். தூக்கத்தின் தரம் மேம்பட்டது. இரண்டு இரவு கேட்டுப் பலனில்லை என்று விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. அதே பட்டியல், அதே நேரம், குறைந்தது 3 வாரம்.

மனப்பாடமான பாட்டு வேண்டாம். நள்ளிரவில் விழிப்பு வந்தால் அது தலைக்குள் தானாக ஓடும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பிரபலமான பாட்டுகளின் வாத்திய வடிவம் இந்தத் தொல்லையை இன்னும் அதிகமாக்கியது தெரிந்தது. சொல்லை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்; பரிச்சயமில்லாத மெட்டாக இருக்கட்டும்.

காதில் இயர்போனோடு தூங்காதீர்கள். சிறிய ஸ்பீக்கர், அறையில் பேச்சுக் குரலை விடக் குறைவான ஒலி, 45 நிமிடத்தில் தானாக நிற்கும் டைமர். பகலில் ஹெட்போன் என்றால், பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல்.

சுருதிசேர்:

சிகிச்சையாளர் கேள்வி விடுபட்டுவிட்டது. வீட்டில் கேட்பது சுய கவனிப்பு. இசை சிகிச்சை என்பது பயிற்சி பெற்ற ஒருவர் உங்களை மதிப்பிட்டு, இலக்கு வைத்து, உறவின் வழியாக நடத்துவது. அமெரிக்காவில் 1944-லேயே மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. அமர்வில் கேட்பது ஒரு பகுதிதான். அந்த நேரத்தில் தோன்றியதை வாத்தியத்தில் வாசிப்பது, பாட்டு எழுதுவது, பாட்டு வரிகளை வைத்துப் பேசுவது எல்லாம் உண்டு. இசை தெரிந்திருக்கத் தேவையில்லை.

பின்லாந்தில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு, வாரம் இருமுறை, ஒரு மணி நேரம், மொத்தம் 20 அமர்வு, தோன்றியதை வாத்தியத்தில் வாசிக்கும் இசை சிகிச்சை தந்தார்கள். 3 மாதத்தில் மனச்சோர்வும் பதற்றமும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களை விட நன்றாகக் குறைந்தன. 6 மாதத்தில் அந்த வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை. ஆகவே இது துணைச் சிகிச்சை. மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவரோடு பேசாமல் கூடாது.

பழைய அதிர்ச்சியைக் கிளறும் பாட்டுகள் இருந்தால், பாட்டுக் கேட்டபின் மனம் தொடர்ந்து மோசமானால், சொல்லில் வராத ஒன்று உள்ளே அடைபட்டிருப்பதாகத் தோன்றினால் சிகிச்சையாளரிடம் போங்கள். எங்கே பயின்றார், இலக்கை எப்படி அளப்பார், உங்கள் மருத்துவரோடு தொடர்பில் இருப்பாரா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் பட்டியலைத் தேடாமல் உடனே மருத்துவரையோ அவசர உதவியையோ நாடுங்கள்.

மாலைவெயில்:

மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: முதல் இரண்டு பாட்டிலேயே பதற்றம் ஏறிவிட்டால் என்ன செய்வது?

தாளக்கட்டு:

அந்தப் பாட்டை உடனே நிறுத்துங்கள். வேகம் ஒத்திருந்தாலும் அதோடு ஒரு நினைவு ஒட்டியிருக்கலாம், அல்லது அது பதற்றத்தைத் தணிக்காமல் தூண்டிவிடலாம். தொடக்கப் பாட்டில் வேகம் இருக்கலாம், மிரட்டல் இருக்கக் கூடாது.

பதிலுக்கு 5 நிமிடம் முணுமுணுங்கள். உதடு மூடி, பற்கள் ஒட்டாமல், உங்களுக்கு எளிதான தாழ்ந்த சுருதியில் 'ம்ம்ம்'. மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி அல்லது செயலி) நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, 4 அடிக்கு மூக்கால் மூச்சை இழுத்து, 6 அடிக்கு முணுமுணுத்தபடியே விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 6 அடி வரை மூச்சு தாங்கவில்லையென்றால் 3-க்கு இழுத்து 4-க்கு விடுங்கள். விடுவது நீளமாக இருந்தால் போதும். நெஞ்சு நிறைய இழுக்க வேண்டாம். தலை சுற்றினாலோ விரல் மரத்தாலோ அளவுக்கு மீறி மூச்சு விடுகிறீர்கள் என்று பொருள்: நிறுத்தி, இயல்பாக மூச்சு விட்டு, அடங்கியதும் சிறிய மூச்சோடு மறுபடி தொடங்குங்கள். பிறகு பட்டியலின் மூன்றாவது பாட்டிலிருந்து போகலாம்.