மறு: பேட் செக்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். கணினியின் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) தரவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது செக்டர்களாகப் பிரித்து வைக்கிறது. அதில் கெட்டுப்போன துண்டுதான் ‘பேட் செக்டர்’. அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார்கள், ஒருவர் இப்படிச் சொன்னார்:

> ‘கெட்ட பிரிவு’ என்றே வைத்துவிடலாம், எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஐயா. ஆனால் ‘பிரிவு’ ஏற்கெனவே வகுப்பிலும் அலுவலகத்திலும் படாதபாடு படுகிறது. செக்டருக்கு என் ஓட்டு ‘கூறு’. சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். அரைக்கூறு கேட்டால் கிடைக்காது. வன்தட்டும் அப்படித்தான். ஒரு கூறு 512 பைட், புதியவற்றில் 4096 பைட். அதற்குக் குறைந்து படிக்கவோ எழுதவோ அதற்குத் தெரியாது. செக்டருக்குக் கணக்குப் பாடம் சொல்லும் ‘வட்டக்கோணப்பகுதி’யும் இலங்கை வழக்கான ‘ஆரைச்சிறை’யும் (என்ன அழகான சொல்!) இங்கே ஒட்டவில்லை. தட்டில் தரவு வட்ட வட்டமான தடங்களில் இருக்கும். இன்றைய தட்டுகளில் வெளித்தடத்தில் கூறுகள் அதிகம், உள்தடத்தில் குறைவு. மையத்திலிருந்து ஆரம் பிடித்து வெட்டியவை அல்ல அவை.

அப்புறம் ‘பேட்’. சொத்தைப் பல், சொத்தைக் கத்தரிக்காய் என்கிறோம். மேலே பார்த்தால் தெரியாது, நறுக்கினால்தான் தெரியும். ஆகவே ‘சொத்தைக்கூறு’. ‘பதர்’ நல்ல சொல்தான். ஆனால் பதரைத் தூற்றிவிடலாம், இது தட்டிலேயே கிடக்கும், நாம்தான் தாண்டிப் போக வேண்டும்.

சிக்கல் இனிமேல்தான். படிக்க மறுக்கும் கூறெல்லாம் சொத்தை இல்லை. போன மாதம் என் பழைய தட்டிலிருந்து படங்களை நகலெடுக்கும்போது ஒரே கோப்பில் பத்து நிமிடம் நின்றது, உள்ளே டக் டக் என்று சத்தம். தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் (SMART) பட்டியலைப் பார்த்தேன்: 197ஆம் வரிசையில் (படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் கூறுகள்) 24, 5ஆம் வரிசையில் (கெட்டதென்று மாற்றப்பட்டவை) 0. முதலில் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற தரவு மீட்பு மென்பொருளைப் போட்டுக் கிடைத்ததையெல்லாம் வேறு தட்டுக்கு மாற்றிக்கொண்டேன். (இதைச் செய்யாமல் விண்டோஸின் தட்டுச் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை (chkdsk) ஓடவிடாதீர்கள், சாகக் கிடக்கும் தட்டை இன்னும் அலைக்கழிக்கும்.) பிறகு முழுத்தட்டையும் சுழியத்தால் மேலெழுதினேன். 24 என்பது 0 ஆனது. 5ஆம் வரிசை 8க்கு ஏறியது. அதாவது பதினாறு கூறுகள் எழுதியதும் சரியாகிவிட்டன. எழுதும்போது மின்சாரம் போனால்கூட, உள்ளிருக்கும் தரவும் சரிபார்ப்புக் குறியும் பொருந்தாமல் இப்படி ஆகும். மீதி எட்டுதான் நிஜச் சொத்தை. அவற்றின் முகவரி எண்களைத் தட்டே வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டது.

எனவே ஒரு சொல் போதாது. 197இல் இருப்பது ‘ஐயக்கூறு’. ‘நிலுவைக்கூறு’ என்றால் மின்வாரிய பாக்கி மாதிரி இருக்கிறது. தட்டுக்கு இருப்பது பாக்கி இல்லை, சந்தேகம். உறுதியாகக் கெட்டது ‘சொத்தைக்கூறு’. அதற்குப் பதில் வந்து உட்காருவது ‘மாற்றுக்கூறு’.

இப்படி மாற்றுவதற்கென்று தொழிற்சாலையிலேயே ஒதுக்கிவைக்கும் உபரிக்கு ‘சேமக்கூறு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவாகத் திருப்தி இல்லை. வேறு தோன்றினால் சொல்லுங்கள். ‘ஸ்டெப்னிக்கூறு’ மட்டும் வேண்டாம்.