மறு: கதை சொல்பவரின் ‘ஸ்டான்ஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம்.

> ஆங்கிலம், வியட்நாமியம் இரண்டிலும் வாய்மொழியாகக் கதை சொல்பவர்கள் தங்கள் மனப்போக்கை எப்படிக் காட்டுகிறார்கள் என்பது பற்றி எழுதுகிறேன். எவாலுவேஷன், ஆட்டிட்யூட், ஸ்டான்ஸ் மூன்றுக்கும் ‘மதிப்பீடு’ என்றே போட்டுவிடலாமா?

வேண்டாம். மதிப்பீடு என்றதும் விடைத்தாள் திருத்துவதும் மனைக்கு விலை போடுவதும்தான் கண்முன் வரும். அப்புறம், இந்த மூன்றும் வேறு வேறு சங்கதிகள். (ஸ்டான்ஸ் என்பது, தான் சொல்லும் விஷயத்தைச் சொல்பவர் எப்படிப் பார்க்கிறார் என்பது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.)

எவாலுவேஷன் என்பது மொழியியலாளர்கள் லபோவும் வாலெட்ஸ்கியும் 1967 கட்டுரையில் கதையின் உறுப்புகளில் ஒன்றாக வைத்தது. கேட்பவர் கடைசியில் ‘சரி, அதுக்கென்ன இப்ப?’ என்று கேட்டுவிடக் கூடாது. அதற்காகச் சொல்பவர் வழியெல்லாம் செய்துகொண்டு போகும் வேலை இது. லபோவ் எடுத்துக்காட்டும் நியூயார்க் கதை ஒன்றில், கூடப்பிறந்தவனே தலையில் கத்தியால் குத்தியதை ஒருவர் சொல்கிறார். ‘பிழைத்ததே பெரிது’ என்று தன் வாயால் சொல்வதில்லை. டாக்டர் வாயில் போடுகிறார். இன்னும் இத்தனூண்டு இறங்கியிருந்தால் செத்திருப்பாய் என்றாராம் டாக்டர். நடக்காமல் போனதைக் காட்டி நடந்ததற்குக் கனம் ஏற்றுகிறார். அதனால் இதற்குக் ‘கனமேற்றல்’ என்று வைக்கலாம் என்பது என் யோசனை. கொஞ்சம் லாரி வாடை அடிக்கிறதுதான், பழகினால் போய்விடும்.

ஆட்டிட்யூட் என்பதை மொழியியலாளர்கள் மார்ட்டினும் வைட்டும் 2005 நூலில் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: உணர்ச்சி, மனிதர் நடத்தை பற்றிய தீர்ப்பு, பொருள்களின் நயம் பற்றிய கருத்து. ஏற்கெனவே புழங்கும் ‘மனப்பாங்கு’ இதற்குப் போதும்.

> தொல்காப்பியர் தந்த ‘மெய்ப்பாடு’ இருக்க ஸ்டான்ஸுக்குப் புதுச் சொல் எதற்கு?

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் நகை, அழுகை, இளிவரல் என்று போகும் அந்த எட்டும் உள்ளத்தில் எழுந்து மெய்யில் புலப்படுபவை. கதைசொல்லி முகத்தில் ஒன்றும் காட்டாமல், ஒரே ஒரு அசையில் தன் எரிச்சலைச் செருகிவிட்டுப் போவார். அதை மெய்ப்பாடு என்றால் சொல் இழுத்த இழுப்புக்கு வராது.

வியட்நாமியத்தில் இந்தச் செருகல் எங்கே நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக அகப்படும். (தமிழ் எழுத்தில் அந்த மொழியின் தொனி வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) ‘மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள்’ என்பதை அங்கே ‘பி’ போட்டும் சொல்லலாம், ‘டுஅக்’ போட்டும் சொல்லலாம். ‘பி’ போட்டால் வந்தது வினை; ‘டுஅக்’ போட்டால் கிடைத்தது வாய்ப்பு. நடந்தது ஒன்றுதான், சொல்பவருக்கு அது எப்படிப்பட்டது என்பது வினைக்கு முன்னாலேயே வந்து நின்றுவிடுகிறது. எங்கள் அத்தை ‘பஸ் வந்து சேர்ந்துச்சு’ என்பதற்கும் ‘பஸ் வந்து தொலைஞ்சுது’ என்பதற்கும் உள்ள தூரம்தான்.

அளவிலும் உண்டு. மூன்று கிண்ணம் சாப்பிட்டான் என்பதில் எண்ணுக்கு முன் ‘ஞுங்’ வந்தால் மூன்றா, அடேயப்பா! ‘கோ’ வந்தால் மூன்றுதானா? ஆங்கிலத்தில் இதில் பெரும்பகுதியை ‘ஜஸ்ட்’, ‘ஆக்சுவலி’ மாதிரிச் சொற்களும் குரலின் ஏற்ற இறக்கமும் பார்த்துக்கொள்ளும். வியட்நாமியத்தில் ஏற்ற இறக்கத்துக்குச் சொற்பொருளைப் பிரிக்கும் வேலையே நிறைய இருப்பதால், வாக்கியக் கடைசி அசைகளின் தலையில் கணிசமான சுமை விழுகிறது என்று நினைக்கிறேன். அவற்றில் ‘மா’ எனக்குப் பிடித்தது. ‘சொல்லியிருந்தேன்’ என்பதோடு ‘மா’ சேர்ந்தால் ‘நான்தான் அப்பவே சொன்னேனே!’ என்றாகிறது. நம் ஏகாரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் தொல்காப்பியத்தில் இடைச்சொற்களைப் பற்றிப் பேசும் இடையியல் கைகொடுக்கிறது. இடைச்சொல் வகைகளை அடுக்கும்போது ‘தத்தம் குறிப்பின் பொருள்செய் குநவும்’ என்று ஒரு வகையைத் தொல்காப்பியர் தனியாக எடுத்து வைக்கிறார். ஏ, ஓ, உம், மன் எல்லாம் இதில் அடக்கம். ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’ (கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான்) என்று அதியமானை நினைத்து ஔவை சொல்லும்போது, அந்தக் காலம் கழிந்துபோயிற்று என்ற இழப்பு முழுவதையும் ‘மன்’ ஒன்றே தாங்குகிறது. சொல்கிறவரின் குறிப்பால் பொருள் தரும் சொல். ஸ்டான்ஸுக்கு இதைவிட நெருக்கமாக வேறு எங்கே போய்த் தேடுவது?

ஆகவே என் வாக்கு ‘சொல்வோர் குறிப்பு’. ‘நிலைப்பாடு’ என்றால் கட்சி அறிக்கை படிப்பது மாதிரி இருக்கிறது. ‘உட்குறிப்பு’ இம்ப்ளிகேஷனுக்குப் போய்விட்டது. வெறும் ‘குறிப்பு’ என்றால் அடிக்குறிப்பா, சமையல் குறிப்பா என்று குழப்பம் வரும்.

ஒரு இடத்தில் நானே திண்டாடுகிறேன். வியட்நாமியத்தில் கதைமாந்தரைச் சுட்டும் சொல்லையே நடுவில் மாற்றுவார்கள். ‘ஓங்’ என்று மரியாதையாகத் தொடங்கிய மனிதர், அடாவடி செய்ததும் ‘தங்’ ஆகிவிடுவார். ‘அவர்’ என்று ஆரம்பித்து ‘அந்த ஆளு’ வழியாக ‘அவன்’ வரை நாம் இறங்குகிறோமே, அது போல. இதுவும் சொல்வோர் குறிப்பில் அடங்குமா, தனியாகச் ‘சுட்டிறக்கம்’ என்று ஏதாவது வேண்டுமா? வியட்நாமியம் படித்தவர்கள் யாராவது குழுவில் இருந்தால் சொல்லுங்கள். மேலே உள்ள என் ஒலிபெயர்ப்பையும் ஒரு கை பார்த்துவிடுங்கள்.