ஈரமான ஊரில் பாம்புச் சட்டை ஏன் கிழிந்து உரிகிறது? (மலேசியா, சுங்கை சிப்புட் பக்கத்துப் பாம்பு வளர்ப்பாளர்கள்)

வெளியே நாள் தவறாமல் மழை, பெட்டிக்குள் வறட்சி. ஏர்கோனும் சூட்டு விளக்கும் சேர்ந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரப்பத மானியைச் சுவரில் மாட்டிப் பயனில்லை, பெட்டிக்குள் வையுங்கள். பால் பைத்தானுக்கு (ball python, பந்துபோல் சுருளும் மலைப்பாம்பு) 60 சதவீதம், கண் மங்கியதும் 70.

பழைய தோலுக்கும் புதுத்தோலுக்கும் நடுவே நீர் சுரப்பதால் கண் நீலமாக மங்குகிறது. சில நாளில் தெளிந்துவிடும். அதைப் பார்த்து ஈரத்தைக் குறைத்துவிடாதீர்கள், உரிப்பதே அதற்குப் பிறகுதான். அதுவரை இரையும் வேண்டாம், கையில் எடுக்கவும் வேண்டாம்.

ஈர மறைவிடம் செய்வது சுலபம். பாம்பு சுருண்டால் உடம்பு சுவரில் படும் அளவுக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. பக்கவாட்டில் ஒரு துளை, விளிம்பை மணல்தாளால் தேய்த்துவிடுங்கள். உள்ளே ஸ்பாக்னம் பாசியை (ஈரத்தைப் பிடித்துவைக்கும் பாசி) நனைத்து, சொட்டாத அளவு பிழிந்து போடுங்கள். நம் வெக்கைக்குச் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். பெட்டி முழுக்கத் தண்ணீர் தெளிப்பது தவறு. தரை ஊறிக் கிடந்தால் வயிற்றுச் செதில் கொப்புளித்து அழுகும்.

---

மேலே அண்ணன் சொன்னதெல்லாம் உரிப்பதற்கு முன்னால். பழைய தோல் ஒட்டிக்கொண்ட பிறகு என்ன செய்வது?

28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர், பாம்பின் பாதித் தடிமன் உயரத்துக்கு மட்டும். 20 நிமிடம், பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஈரத்துண்டைத் தளர்வாகப் பிடித்து அதற்குள் ஊர்ந்து போக விடுங்கள். தோல் தானாகச் சுருண்டு வரும். நகத்தால் கீறுவதும் தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம்.

உரிந்த சட்டையைத் தூக்கி எறியுமுன் விரித்துப் பாருங்கள். இரண்டு கண்மூடியும் (கண்ணை மூடியிருக்கும் தெளிந்த செதில்) வால் நுனியும் அதில் இருக்க வேண்டும். வாலில் வளையமாகத் தங்கிய தோல் இரத்த ஓட்டத்தை நெரிக்கும், நுனி கறுத்துச் செத்துவிடும். அதனால் வாலை அன்றே கவனியுங்கள். கண்ணில் ஒட்டியதை மட்டும் இடுக்கியால் தொடவே கூடாது. அடியிலுள்ள புதுச்செதிலும் பெயர்ந்தால் கண்ணே போய்விடும். ஈரத்தைச் சரிசெய்து அடுத்த உரிப்புவரை பொறுங்கள், அப்போதும் வராவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர்தான். ஈரம் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கிழிந்தால் கண் ஓரத்தில் உண்ணி இருக்கிறதா பாருங்கள்.

---

இதெல்லாம் உரிமத்தோடு வளர்க்கும் பாம்புக்கு. செம்பனைத் தோட்டத்தில் அரைச்சட்டையோடு கிடக்கும் மலைப்பாம்பைப் பாவம் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கண் மங்கிய பாம்புக்குப் பார்வை தெளிவாக இருக்காது, நிழலாடினாலே கொத்தும். லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீடுகள்) வந்துவிட்டால் 999-க்குக் கூப்பிடுங்கள், பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடிப்பார்கள்.