அஞ்சலட்டையிலிருந்து ஸ்டாம்பை மட்டும் பிரிக்கலாமா?

வலங்கைமான் உரக்கடை:
கோடையில் கடையில் ஈ ஓட்டுகிற நேரத்துக்காகப் போஸ்ட்கிராசிங் இணையதளத்தில் சேர்ந்தேன். நாம் ஒருவருக்கு அட்டை அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்து, அதில் நாம் எழுதிய எண்ணை அவர் பதிந்தால், முன்பின் தெரியாத வேறொருவரிடமிருந்து நமக்கு ஒன்று வரும். 2005-இல் போர்ச்சுகலில் தொடங்கியதாம். இப்போது பின்லாந்திலிருந்து ஓர் அட்டை வந்திருக்கிறது. ஸ்டாம்பு ஸ்டிக்கர் மாதிரி ஒட்டியது, நகத்தால் நெம்பினாலும் அசையவில்லை. வெட்டினால் அட்டை பாழ், விட்டால் ஆல்பத்தில் பின்லாந்துப் பக்கம் காலி. என்ன செய்வது?

இன்னொன்று. ஐப்பசி அடைமழையில் என்னுடைய 1962 கணிதமேதை ராமானுஜன் ஸ்டாம்பு, 15 நயா பைசா, பசையோடு இருந்த புதுசு, ஆல்பத் தாளோடு ஒட்டிக்கொண்டது. நம்ம கும்பகோணத்துக்காரர் என்று ஆசையாக வாங்கியது.

மன்னார்குடி பெரியவர்:
தம்பி, கத்தரியைக் கீழே வையுங்கள். ஊர் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் ஒன்றாக இருந்தால்தான் அது பயணம் செய்த அட்டை. சாதாரண பின்லாந்து ஸ்டாம்பு கலவைப் பொட்டலத்திலேயே மலிவாகக் கிடைக்கும், அந்தப் பக்கத்தை அதைக் கொண்டு நிரப்புங்கள். அட்டைக்குத் தனி ஆல்பம் போடுங்கள்.

மயிலாடுதுறை ராதா:
அட்டைக்குப் பெரியவர் சொன்னதுதான் சரி. கவரில் வருவதென்றால், பழைய பசை ஸ்டாம்பைப் பச்சைத் தண்ணீரில் மிதக்க விட்டால் தானே கழன்று வரும். வெந்நீர் வேண்டாம். சிவப்புக் கவரை மற்றதோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள், சாயம் இறங்கி எல்லாம் ரோஸ் ஆகிவிடும். இப்போதைய ஸ்டிக்கர் வகை, முக்கியமாக அமெரிக்காவிலிருந்து வருவது, பலவும் தண்ணீருக்கு மசியாது. சுற்றிலும் கொஞ்சம் தாள் விட்டு வெட்டி அப்படியே வையுங்கள்.

ராமானுஜனை இழுத்துவிடாதீர்கள் அண்ணா. மூடி இறுக்கமான டப்பாவில் ஈர ஸ்பான்ஞ், அதன் மேல் ஒரு வலைத்தட்டு, தட்டில் அந்தத் தாள். தண்ணீர் நேராகப் படக்கூடாது. பசை இளகியதும் இடுக்கியால் மெல்லத் தூக்குங்கள். பசை முன்போல் இருக்காது, விற்றால் விலை குறையும். விற்கவா வைத்திருக்கிறீர்கள்?

மழைக்காலத்தில் ஆல்பத்தைப் படுக்கப்போட்டு அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். மலிவான பிவிசி உறையும் கூடாது, வருடக்கணக்கில் வைத்தால் ஸ்டாம்பைக் கெடுக்கும்.

திருவாரூர் சைக்கிள்:
அனுப்பும்போது ஒரு விஷயம். கவுன்டரில் அச்சடித்த லேபிளை ஒட்டித் தரப் பார்ப்பார்கள். ஸ்டாம்புதான் வேண்டும் என்று நின்று வாங்குங்கள். வாங்குகிறவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

வலங்கைமான் உரக்கடை:
சரி, அட்டை பிழைத்தது. ராமானுஜன் என் டிபன் பாக்ஸில் இருக்கிறார், மத்தியானச் சாப்பாடு வாழை இலையில் பொட்டலமாக வந்தது. ராதா மேடம், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்?

மயிலாடுதுறை ராதா:
அரைமணிக்கு ஒருமுறை. ராத்திரி முழுக்க விட்டுவிடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.