திருமங்கலம் வீட்டில் இரண்டு அறை கூட்ட வேண்டும், செலவை எங்கே குறைக்கலாம்?

வைகைக்கரை:

வணக்கம். எங்கள் வீடு திருமங்கலத்தில், 1999இல் அப்பா கட்டியது. மூன்றேகால் சென்ட் மனை, 720 சதுர அடி, தரைத்தளம் மட்டும். தூண் கிடையாது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. ஆறு பேர் இரண்டு அறைக்குள் இருக்கிறோம். அப்பா அம்மா ஹாலில் படுக்கிறார்கள், மகள் ஒன்பதாவது படிக்கிறாள், ராத்திரி அவள் விளக்கு போட்டுப் படித்தால் அவர்களுக்குத் தூக்கம் போகிறது.

மாடியில் 500 சதுர அடிக்கு இரண்டு அறையும் ஒரு பாத்ரூமும் எடுக்கலாம் என்று யோசனை. மேஸ்திரி மெட்டீரியலோடு சதுர அடிக்கு 2,400 ரூபாய் சொல்கிறார். அதுவே 12 லட்சம், மாடிப்படி தனி. என்னிடம் 7 லட்சம்தான் இருக்கிறது. மனைவியின் நகையை வைக்க எனக்கு மனமில்லை. செலவைக் குறைக்க அவரே மூன்று வழி சொன்னார்: தளத்தில் கம்பியை இன்னும் தள்ளித் தள்ளிக் கட்டலாம், உள்சுவர் எல்லாம் நாலரை அங்குலத்தில் எழுப்பலாம், இல்லாவிட்டால் கான்கிரீட்டே வேண்டாம், ஷீட் போட்டுவிடலாம். இதில் எது சரி? வீட்டுக்குப் பின்னால் 16 அடி காலி இடமும் இருக்கிறது, எலுமிச்சை மரம் ஒன்று நிற்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய_சைட்_இன்ஜினியர்:

தம்பி, கம்பி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 500 சதுர அடித் தளத்தில் எட்டு எம்.எம். கம்பியை ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்று இரண்டு பக்கமும் கட்டினால் ஏறக்குறைய 240 கிலோ வரும். அதையே எட்டு அங்குலமாகத் தள்ளினால் 180 கிலோ. மிச்சம் 60 கிலோ, கிலோ 65 ரூபாய் என்று வைத்தாலும் 4,000 ரூபாய்க்கு உள்ளேதான். 12 லட்சம் வேலையில் 4,000 ரூபாய்க்காகத் தலைக்கு மேலே இருக்கிற தளத்தில் கை வைக்க வேண்டுமா? கம்பி எத்தனை அங்குலத்துக்கு என்பதை வரைபடம் சொல்லட்டும், மேஸ்திரி சொல்ல வேண்டாம்.

உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தருவது வேறு. திருமங்கலம் பக்கம் கரிசல் மண் நிறைய. மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். 1999இல் ஒரு தளத்துக்கு என்று போட்ட அஸ்திவாரம் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்று பார்க்காமல் சதுர அடி விலை பேசுவதில் பயனில்லை. வெளிச்சுவரை ஒட்டி இரண்டு இடத்தில் மூன்றுக்கு மூன்று அடிக் குழி எடுத்து அஸ்திவாரத்தின் அடிமட்டம் வரை பாருங்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், கீழே கரிசல் முடிந்து சரளை வந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். ஒரு நாள் கூலிதான் ஆகும். அப்புறம் ஜன்னல் மூலைகளில் சாய்வாக விரிசல் ஓடுகிறதா என்று வீடு முழுக்கச் சுற்றிப் பாருங்கள், இருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள்.

எடை எவ்வளவு ஏறும் என்றும் சொல்கிறேன். பத்தடி நீளம் பத்தடி உயரம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பூச்சு இல்லாமலே சுமார் நான்கு டன். எட்டு அங்குல ஏஏசி பிளாக்கில் (உள்ளே காற்றுக் குமிழ் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல்) கட்டினால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். ஆனால் ஐந்து அங்குலத் தளம் 500 சதுர அடிக்குப் பதினைந்து டன்னை ஒட்டி வரும், அதைக் குறைக்க முடியாது. நாலரை அங்குலச் சுவர் தப்பில்லை, தடுப்புச் சுவராக மட்டும் இருந்தால். அதையும் கீழே சுவர் இல்லாத இடத்தில், தளத்தின் நடுவில் நிறுத்தினால் பழைய தளம் தொய்ந்துவிடும். கீழே சுவர் இருக்கிற இடத்துக்கு நேர் மேலேயே மேல்சுவர் வரட்டும், பாத்ரூமுக்கு மேல் பாத்ரூம் வரட்டும். குழாய் ஒரே நேராக இறங்கும், பிளம்பிங் செலவும் குறையும்.

திண்டுக்கல்_செல்வி:

நாங்கள் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு அறையும் சமையலறையும் பின்பக்கம் கூட்டினோம், மெட்டீரியல் நாங்களே வாங்கிக் கொடுத்து லேபர் காண்ட்ராக்டில். கணவர் வெளியூரில் வேலை என்பதால் கணக்கு முழுவதும் என் கையில்தான். தம்பிக்கு 7 லட்சம்தான் பட்ஜெட் என்றால் இந்த வழியைக் கண்டிப்பாக யோசியுங்கள், ஆனால் வீட்டில் ஒருவர் தினமும் நின்று பார்க்க முடிந்தால் மட்டும்.

எம்சாண்ட் லாரி வந்து நின்றதும் கொட்ட விடாதீர்கள். மணலை மட்டமாக இழுத்துவிடச் சொல்லி நீளம் அகலம் உயரம் டேப் வைத்து அளந்து பெருக்குங்கள், 100 கன அடி ஒரு யூனிட். எனக்கு நான்கு யூனிட் என்று சொல்லி வந்த முதல் லோடு மூன்றரைகூட இல்லை. இரண்டாவது லோடிலிருந்து நான் டேப்போடு நிற்பதைப் பார்த்து அளவு சரியாக வந்தது. கம்பியும் அப்படித்தான். 40 அடி நீளக் கம்பி ஒன்று 12 எம்.எம். என்றால் பத்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, 10 எம்.எம். ஏழரைக்குக் கொஞ்சம் குறைவு, 8 எம்.எம். நாலேமுக்கால் கிலோ வர வேண்டும். கம்பியை எண்ணிப் பெருக்கினால் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சிமெண்ட்டை மொத்தமாக வாங்கிப் போடாதீர்கள், பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும், பலகை மேல் சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். சிமெண்ட்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, மேஸ்திரி கொடுத்த கணக்கு அதற்கு முந்தைய விலையில் போட்டதா என்று கேளுங்கள்.

பேச்சை எழுதி வாங்குங்கள். சதுர அடி என்றால் எதை எதையெல்லாம் அளப்பார்கள், சன்ஷேடு சேருமா, கைப்பிடிச்சுவர் சேருமா, சாரக் கட்டையும் சென்ட்ரிங் பலகையும் யாருடையது, கலவை மெஷின் வாடகை யார் தருவது, எல்லாம். வேலை முடிய முடியத்தான் பணம். எங்களிடம் கைப்பிடிச்சுவருக்குத் தனியாகக் கேட்டார்கள், எழுதி வைக்காததால் கொடுத்தோம்.

நான் செய்த பெரிய தப்பு ஒன்று. சமையலறைச் சுவர் லிண்டல் மட்டம் (ஜன்னலின் மேல்விளிம்பு) வந்த பிறகு சிங்க் இந்தப் பக்கம் வேண்டாம் அந்தப் பக்கம் என்றேன். ஜன்னலை அடைத்து, வேறு இடத்தில் உடைத்து, குழாய் மாற்றி, மொத்தம் 38,000 ரூபாய். சுவர் எழும்பும் முன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கட்டில் இங்கே, பீரோ இங்கே, கதவு இந்தப் பக்கம் திறக்கும் என்று எல்லாரும் உள்ளே நடந்து பாருங்கள். ஸ்விட்ச் எங்கே வேண்டும் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள்.

நாஞ்சில்_வீடு:

அண்ணா, எலிப்பொறிக் கட்டு பற்றி யாரும் சொல்லவில்லையே. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு கேரளம் முழுக்கப் பரப்பியது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்திக் கட்டுவார்கள், ஒன்பது அங்குலச் சுவருக்குள்ளே நடுவில் வெற்றிடம் வரும். கல் கால்வாசி குறையும், கலவையும் குறையும், உள்ளே காற்று இருப்பதால் வெயிலும் சீக்கிரம் இறங்காது. எங்கள் வீட்டு மாடி அறை அப்படித்தான், வெளிப்பக்கம் பூசவே இல்லை, பாயிண்டிங் மட்டும், அதாவது கல் இடுக்குகளில் மட்டும் கலவை அடைத்தது. தளத்திலும் பழைய மங்களூர் ஓட்டைக் கம்பிகளுக்கு நடுவில் வைத்துக் கான்கிரீட் போட்டோம். தளத்தின் அடிப்பகுதியில் இழுவையைக் கம்பிதான் தாங்குகிறது, அங்கே கான்கிரீட்டுக்குப் பதில் ஓடு உட்கார்ந்தால் பலம் குறையாது, எடை குறையும். மதுரை வெயிலுக்கு இது நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஷீட் மட்டும் வேண்டாம், சித்திரை மாதம் மத்தியானம் அந்த அறையில் யாரும் உட்கார முடியாது.

பழைய_சைட்_இன்ஜினியர்:

நாஞ்சில் தம்பி சொன்ன இரண்டும் நல்ல முறைதான், நானே இரண்டு கட்டடத்தில் செய்திருக்கிறேன். ஆனால் கொத்தனார் முன்பு செய்தவராக இருக்க வேண்டும், கல் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். பழக்கமில்லாத ஆளை வைத்துச் செய்தால் அவர் தினம் கட்டுகிற சுவர் பாதியாகும், கல்லில் மிச்சம் பிடித்தது கூலியில் போகும். உங்கள் பக்கம் ஆள் கிடைத்து, தளத்துக்கு வரைபடமும் இருந்தால் செய்யலாம்.

எந்த முறையில் கட்டினாலும் க்யூரிங்கில், அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பதில், மட்டும் சுணங்காதீர்கள். கூலி இல்லாமல் நீங்களே செய்யக்கூடிய வேலை அது. கடையில் இப்போது பெரும்பாலும் பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட்தான், உங்கள் ஊர் வெயிலுக்குப் பதினான்கு நாள் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்க வேண்டும். கான்கிரீட் போடும்போது எளிதாக ஓடட்டும் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவார்கள், அங்கே நின்று தடுங்கள். அதில் போகிற பலத்தைப் பிறகு எத்தனை மூட்டை சிமெண்ட் பூசினாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

காரைக்குடி_மரம்:

மர வேலை செய்பவன் என்பதால் கதவு ஜன்னல் பற்றி மட்டும் சொல்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் பழைய தேக்குக் கதவு, நிலை, ஜன்னல் கிடைக்கும். வேலைப்பாடு உள்ளதைத் தொடாதீர்கள், அது ஓட்டல்காரர்கள் வாங்குகிற விலை. சாதாரணப் பழைய தேக்கு புதிய மரத்தை விட மலிவாக, நன்றாக உலர்ந்து கிடைக்கும். ஆனால் பழைய நிலை பல உயரம் குறைவு, அளவு எடுத்துக்கொண்டு போய் வாங்கிவிட்டு அதற்குத் தகுந்தபடி சுவரில் இடம் விட வேண்டும், சுவர் கட்டி முடித்துவிட்டுத் தேடினால் கிடைக்காது. மரத்தைத் தட்டிப் பாருங்கள், மாவு கொட்டினால் விட்டுவிடுங்கள். பாத்ரூமுக்கு மரமே வேண்டாம்.

திண்டுக்கல்_செல்வி:

அனுமதி பற்றி யாரும் பேசவில்லை. மாடியோ பின்பக்கமோ, நகராட்சியில் திட்ட அனுமதி வாங்கிவிட்டே ஆரம்பியுங்கள் தம்பி. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு என்றால் விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுக்கும் சுயசான்று முறையில் ஆன்லைனில் அனுமதி கிடைக்கும் என்று 2024 ஜூலையில் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே உள்ள வீட்டில் கூட்டுவதற்கு எப்படி விண்ணப்பிப்பது என்று நகராட்சியில் நேரில் கேளுங்கள். அனுமதி இல்லாவிட்டால் நாளைக்கு வங்கியில் கடன் கேட்கப் போனால் முதல் கேள்வியே அதுதான்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போன ஞாயிற்றுக்கிழமை குழி எடுத்தோம். அஸ்திவாரம் மூன்றரை அடி, கருங்கல், அதற்குக் கீழேயும் கரிசல்தான். சமையலறை ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து தரை வரை சாய்வாக ஒரு விரிசல் இருப்பதை இத்தனை வருடம் நாங்கள் பெயிண்ட் உரிந்தது என்றே நினைத்திருந்தோம். மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டினோம், இதன் மேல் இன்னொரு தளம் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

ராத்திரி உட்கார்ந்து பேசினோம். மகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் அறை வேண்டும் என்று அவள் சொல்லவே இல்லை, தாத்தா பாட்டிக்குத் தனி அறை இருந்தால் ஹால் எனக்குப் போதும் என்கிறாள். அப்பாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏறவும் முடியாது. அதனால் பின்பக்கம் பத்துக்குப் பதின்மூன்றில் ஒரே ஒரு அறை, பக்கத்தில் ஐந்துக்கு எட்டு பாத்ரூம். சுவரோடு சேர்த்து 230 சதுர அடி. மேஸ்திரி சொன்ன அதே விலைக்கே ஐந்தரை லட்சம்தான் வருகிறது. அஸ்திவாரத்துக்கு அண்டர் ரீம்டு பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அடியில் குமிழ் போல அகன்ற கான்கிரீட் தூண்) எட்டு போட்டு மேலே பீம் ஓட்டச் சொல்கிறார் இன்ஜினியர், அதற்குக் கூடுதலாக ஆனாலும் 7 லட்சத்துக்குள் முடியும் போலிருக்கிறது. எலுமிச்சை மரம் தப்பித்தது. புதுச் சுவரைப் பழைய சுவரோடு சேர்த்துக் கட்டினால் ஒரு சுவர் மிச்சம் என்று மேஸ்திரி சொல்கிறார், அது சரியா?

பழைய_சைட்_இன்ஜினியர்:

சேர்க்க வேண்டாம் தம்பி. பழைய அஸ்திவாரம் கரிசலில் நிற்கிறது, புதியது பைலில் நிற்கும். மழைக்கு ஒன்று அசையும், ஒன்று அசையாது, சேர்த்த இடத்தில் முதல் ஐப்பசியிலேயே பிளந்து தண்ணீர் இறங்கும். புதுச் சுவர் தனியாக நிற்கட்டும், நடுவில் ஒரு அங்குலம் விட்டுத் தெர்மகோல் வைத்து, மேலே மழை இறங்காமல் தகடு மூடிவிடுங்கள். அந்த ஒரு சுவரின் செலவு இருக்கட்டும். இன்னொன்று, தோண்டிய கரிசலை அறைக்குள் தரை நிரப்பப் போடாதீர்கள். லோடு கூலி மிச்சம் என்று தோன்றும், மறு வருடம் டைல்ஸைத் தூக்கிவிடும். கிராவல் அடித்து, தண்ணீர் விட்டுத் திமிசு போடுங்கள்.

திண்டுக்கல்_செல்வி:

அப்பா அம்மா அறை என்பதால் ஒரு வார்த்தை. பாத்ரூம் கதவை இரண்டரை அடி வைப்பார்கள், மூன்றடி வைக்கச் சொல்லுங்கள், நாளைக்கு வாக்கரோ சக்கர நாற்காலியோ வந்தால் நுழைய வேண்டும். வாசலில் படி வேண்டாம், பாத்ரூமுக்கு உள்ளே மட்டும் தரை கொஞ்சம் வாட்டமாக இருந்தால் போதும். கைப்பிடிக் கம்பி மாட்டுகிற இடத்தில் ஏஏசி பிளாக் வேண்டாம், அங்கே மட்டும் செங்கல் வைத்துக் கட்டச் சொல்லுங்கள், கம்பியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம்.